நின்ற பிறகும் நடந்த எழுத்து

உலகத்தின் முதலாவது வெப் கமரா பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கோப்பிப் பாத்திரத்தை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில், பலருக்கும் பொதுவாக ஒரு கோப்பி இயந்திரம் இருந்தது. வேறு அறைகளில் வேலை செய்தவர்கள் எழுந்து நடந்து வந்து பார்த்தால், பல நேரம் பாத்திரம் வெறுமையாக இருக்கும். அந்த வீண் நடையைத் தவிர்ப்பதற்காக 1991 ஆம் ஆண்டு பாத்திரத்தின் முன்னால் ஒரு கமராவை வைத்தார்கள். அதன் படத்தைத் தத்தமது கணினித் திரையிலேயே பார்க்கும்படி குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசர், போல் ஜார்டெட்ஸ்கி ஆகிய இருவரும் செய்நிரல் எழுதினார்கள். 1993 இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 22 ஆம் திகதி கமரா நிறுத்தப்பட்டது.

அந்தப் படம் கறுப்பு வெள்ளை. அகலம் 128 புள்ளி, உயரம் 128 புள்ளி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 தடவைதான் படம் மாறியது. அதுவே போதுமாக இருந்தது. கோப்பி மெதுவாகத்தானே நிறைகிறது!

எங்கள் வீட்டு மேசையில் இருக்கும் சிறிய கமரா செக்கனுக்கு 30 படங்கள் தரக்கூடியது. கேம்பிரிட்ஜ் கமராவோடு ஒப்பிட்டால் 600 மடங்கு. இருந்தும் அது எங்கள் மூத்தம்மாவுக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை, போதுமாக்குவதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். கணினிப் பாடம் எடுக்காத தோழிகளுக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன்.

மூத்தம்மா 33 வருடங்கள் தமிழ் ஆசிரியையாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் காலைத் தேநீரோடு பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பது அவரது வழக்கம். எழுத்துப் பிழை கண்டால் சிவப்புப் பேனையால் வட்டமிடுவார். மூன்று வருடங்களுக்கு முன் அவரது விழித்திரையின் நடுப்பகுதி பழுதடையத் தொடங்கியது. இந்த நோயில் கண் முற்றாக இருண்டு போவதில்லை. ஓரத்தில் உள்ளது தெரியும். எதை நேராகப் பார்க்கிறோமோ அதுதான் மங்கும். வாசலில் யாரோ வருவது தெரியும், வருபவரின் முகம் தெரியாது. பத்திரிகை இருப்பது தெரியும், எழுத்துத் தெரியாது. இழந்த பார்வை திரும்பாது, ஆனால் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் மிஞ்சியுள்ள பார்வையைக் கொண்டு வாசிக்கலாம் என்று வைத்தியர் சொன்னார்.

பூதக்கண்ணாடியால் ஒரு நேரத்தில் மூன்று நான்கு எழுத்துக்கள்தான் தெரிந்தன. "பத்திரிகைய நிப்பாட்டச் சொல்லுங்க, காசு வீண்" என்று ஒரு நாள் வாப்பாவிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

நாங்கள் வாசித்துக் காட்டலாம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். காட்டினோம். காக்கா ஒரு பந்தி, நான் ஒரு பந்தி. ஆனால் வாசிப்பு என்பது தகவல் கேட்பது மட்டுமல்ல. விரும்பிய இடத்தில் நிற்பதும், பிடிக்காததைத் தாண்டுவதும், ஒரு வரியை இரண்டாம் முறை பார்ப்பதும் வாசிப்புத்தான். அது மற்றவரின் வாயிலிருந்து கிடைக்காது.

பார்வை குறைந்தவர்களுக்கென்றே கமராவும் திரையும் சேர்ந்த உருப்பெருக்கிகள் விற்பனையில் உள்ளன. அவற்றின் விலை எங்கள் வீட்டுக் கணக்கில் அடங்காதது. வீட்டில் இருந்தவை வேறு: கொவிட் காலத்தில் இணையவழி வகுப்புக்காக வாங்கி, பிறகு அலுமாரிக்குள் கிடந்த ஒரு வெப் கமரா, காக்கா பாவித்து விட்ட பழைய மடிக்கணினி, உயர்தரத்தில் நான் படிக்கும் பைதன் மொழி. எஸ்லோன் குழாயை அறுத்து ஒட்டிக் காக்கா ஒரு தாங்கி செய்து தந்தார். கமரா கீழ்நோக்கித் தொங்கும். அதன் அடியில் பத்திரிகையை வைத்து நகர்த்தினால், முன்னால் உள்ள திரையில் எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

செய்நிரலும் சிறியதுதான். ஓப்பன்சிவி என்றொரு இலவச மென்பொருள் தொகுதி இருக்கிறது. 1999 இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பட்டு, இன்று உலகெங்கும் படங்களை ஆராயப் பயன்படுவது. அதைக் கொண்டு ஏறத்தாழ 25 வரிகளில் முதல் வடிவம் தயாரானது. கமராவிடம் ஒரு படம் வாங்கு, நிறத்தை நீக்கு, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் புரட்டு, பெரிதாக்கு, திரையில் காட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இருந்தால் கண் கூசாது என்பதற்காகத்தான் அந்தப் புரட்டல்.

மூத்தம்மா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரையில் உள்ளங்கை அளவு எழுத்து நின்றது. "ஆ... சி... ரி... யர்" என்று கூட்டி வாசித்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த சொல்லுக்காகப் பத்திரிகையை இடப்பக்கம் நகர்த்தினார். எழுத்து அசையவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அப்போதுதான் திரை ஓடத் தொடங்கியது. தேடிய சொல்லைத் தாண்டி வெகுதூரம் ஓடியது. பின்னுக்கு இழுத்தார். அது மறுபக்கம் தாண்டியது. ஐந்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைப் பிடித்தார்.

"தலை சுத்துது மகள். நான் நிண்ட பொறகும் எழுத்து நடந்து போகுது."

தமிழ் ஆசிரியை அல்லவா, ஒரே வாக்கியத்தில் முழுப் பிரச்சினையையும் சொல்லிவிட்டார்.

நேரலை வீடியோவில் இரண்டு வேறு அளவுகள் உண்டு. ஒன்று, செக்கனுக்கு எத்தனை படம் என்பது. மற்றையது, கமராவின் முன்னால் ஒன்று நடந்ததற்கும் அது திரையில் தெரிவதற்கும் இடையில் உள்ள தாமதம். முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், கமராப் பெட்டியின் மேலும் அதைத்தான் அச்சடித்திருப்பார்கள். ஆனால் செக்கனுக்கு 30 படம் வழுவழுப்பாக ஓடிக்கொண்டே ஒரு செக்கன் பிந்தியும் வரலாம். திரைப்படம் பார்ப்பவருக்கு அந்தத் தாமதம் பொருட்டே அல்ல. கை அசைய, கண் பார்க்க, கண் சொன்னபடி கை நிற்க வேண்டியவருக்கு அதுதான் எல்லாமே. தொலைபேசியில் பேசும்போது சில வேளை எமது குரலே சற்றுப் பிந்தி எமது காதில் எதிரொலிக்கும். அப்போது நாக்குத் தடுமாறுகிறது அல்லவா? மூத்தம்மாவின் கைக்கு நேர்ந்ததும் அதுவே.

எதைத் திருத்துவது என்று யோசிக்க முன்னர் எவ்வளவு தாமதம் என்று அளக்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை. உம்மாவின் போனில் நிறுத்தற் கடிகாரத்தை ஓடவிட்டுக் கமராவின் அடியில் வைத்தேன். போனும் மடிக்கணினித் திரையும் ஒன்றாகத் தெரியும்படி இன்னொரு போனால் ஒரு புகைப்படம் எடுத்தேன். புகைப்படத்தில் போன் ஒரு நேரத்தைக் காட்டும். திரை அதற்கு முந்திய நேரத்தைக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். பத்துப் படம் எடுத்துச் சராசரி பார்த்தேன். 0.7 செக்கன். தேர்ந்த வாசகி ஒருவர் அந்த நேரத்தில் இரண்டு சொல்லைக் கடந்திருப்பார்.

அடுத்து, செய்நிரலின் ஒவ்வொரு படியும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பைதனின் கடிகாரத்தைக் கொண்டே அளந்தேன். செக்கனுக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்குரிய நேரம் ஏறத்தாழ 33 மில்லிசெக்கன். எங்கள் மடிக்கணினி ஒரு படத்தைப் புரட்டிப் பெருப்பித்துக் காட்ட 150 மில்லிசெக்கன் எடுத்துக்கொண்டிருந்தது. சரி, 150 மில்லிசெக்கன் என்றால் தாமதமும் ஏறக்குறைய அவ்வளவுதானே இருக்க வேண்டும்? மிச்ச அரைச் செக்கன் எங்கே போனது?

அது வரிசையில் போனது. கமராவுக்கும் செய்நிரலுக்கும் நடுவில் உள்ள மென்பொருள், வந்த படங்களைச் சிறிய வரிசையொன்றில் அடுக்கி வைத்திருக்கும். எங்கள் கணினியில் அந்த வரிசையில் 4 இடங்கள். செய்நிரல் கேட்கும்போதெல்லாம் ஆகப் பழைய படத்தை எடுத்துக் கொடுக்கும். செய்நிரல் கமராவை விட வேகமாக இருந்தால் வரிசையில் ஒன்றும் தேங்காது. மெதுவாக இருந்தால் நாலு இடமும் எப்போதும் நிரம்பியே இருக்கும். ஒவ்வொரு படமும் தனக்கு முன்னால் உள்ளவை முடியும் வரை காத்திருந்து, ஆறிப்போன பிறகுதான் திரைக்கு வரும்.

இதை மூத்தம்மாவுக்கு இப்படி விளங்கப்படுத்தினேன்: "ஒரு நாளைக்கு ஒரு பத்திரிகை வருகுது மூத்தம்மா. உங்களுக்கு ஒண்ட வாசிச்சு முடிக்க ரெண்டு நாள் எடுக்குது. மேசையில நாலு பழைய பத்திரிகை அடுக்கிக் கிடக்கு. நீங்க அடியில உள்ள பழையதில இருந்து ஒழுங்கா வாசிச்சு வந்தா இண்டைக்கு நடந்தத எப்ப அறிவீங்க?"

"ஏன் நான் பழையத வாசிக்கணும்? அதுகள கட்டி வெச்சிட்டு இண்டைக்கு வந்தத எடுப்பேன்" என்றார்.

செய்நிரலுக்கும் அந்த விடைதான் தேவைப்பட்டது. வேலையை இரண்டு இழைகளாகப் பிரித்தேன். முதல் இழைக்கு ஒரேயொரு கடமை: கமரா தரும் ஒவ்வொரு படத்தையும் உடனுக்குடன் வாங்கி, ஒரு பெட்டிக்குள் வைப்பது. பெட்டியில் ஒரு படத்துக்குத்தான் இடம். புதியது வந்தால் பழையது போய்விடும். இரண்டாவது இழை தனக்கு ஓய்வு கிடைக்கும்போது பெட்டியைத் திறந்து, அப்போது அங்கே இருப்பதை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டும். பைதனில் இழைகள் பொதுவாக மாறி மாறித்தான் கணக்குச் செய்யும். ஆனாலும் கமராவுக்காகக் காத்திருக்கும் இழை மற்றதைத் தடுத்து வைக்காது என்பதால் இம்முறை நன்றாக வேலை செய்கிறது. ஒருவர் வைக்கும் கணத்தில் மற்றவர் எடுத்துவிடாதிருக்கப் பெட்டிக்கு ஒரு பூட்டும் போட்டேன்.

இதனால் பல படங்கள் யாரும் பாராமலேயே வீசப்படுகின்றன. தாமதமோ 0.7 இலிருந்து 0.35 செக்கனுக்கு இறங்கியது. மடிக்கணினி பழைய வேகத்திலேயேதான் ஓடியது. ஒரு கணக்கும் விரைவாகவில்லை. பழையதைக் கைவிட்டது மட்டுமே வித்தியாசம்.

ஆனால் 0.35 செக்கனும் வாசிப்பவருக்கு நீண்ட நேரம். மூத்தம்மாவின் கை இப்போது சொல்லைத் தாண்டவில்லை. தயங்கித் தயங்கி நகர்ந்தது. பத்து நிமிடம் இருந்தார். பிறகு எழுந்து விட்டார்.

அடுத்ததாகக் கமராவின் பக்கம் போனேன். பத்திரிகை எழுத்துத் தெளிவாகத் தெரிய 1280க்கு 720 புள்ளி அளவில் படம் தேவை. மொத்தம் 921,600 புள்ளிகள். சுருக்காத பச்சைப் படமாக அனுப்பினால் ஒரு புள்ளிக்கு 2 பைற்று. செக்கனுக்கு 30 படம் என்றால் 55 மெகாபைற்றுக்கு மேல்; பிற்றுக் கணக்கில் 442 மெகாபிற்று. கமராவின் கம்பி செருகியிருப்பது யு.எஸ்.பி 2.0 துவாரத்தில். அதன் உச்ச வேகம் பெயரளவில் 480 மெகாபிற்று. நடைமுறையில் அதைவிடக் குறைவு. ஒடுங்கிய பாலத்தில் பெரிய லொறிகள் போல. ஆகவே இந்த அளவில் பச்சைப் படம் கேட்டால், எங்கள் கமரா தானாகவே செக்கனுக்கு 10 படமாகக் குறைத்துக்கொள்கிறது. இதற்கு மாற்று, ஒவ்வொரு படத்தையும் கமராவே ஒரு புகைப்படக் கோப்பைப் போலச் சுருக்கி அனுப்பும் மோஷன் ஜேபெக் என்ற வடிவம். செய்நிரலின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்து அந்த வடிவத்தைக் கேட்டதும், பாலத்தில் இடம் உண்டாகி 30 படம் வரத் தொடங்கியது.

பகலில் மட்டும். அஸருக்குப் பிறகு அளந்தால் 15 தான் வந்தது. கம்பியும் அதே, கணினியும் அதே, செய்நிரலும் அதே. மாறியது வெளிச்சம் ஒன்றே. கமரா இருட்டில் என்ன செய்யும்? போதுமான ஒளி சேரும் வரை ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். ஒரு படத்துக்குப் பதினைந்தில் ஒரு செக்கன் திறந்திருந்தால், ஒரு செக்கனில் 15 படத்துக்கு மேல் எடுக்கவே முடியாது. அத்தோடு அவ்வளவு நேரம் திறந்திருக்கும்போது பத்திரிகை நகர்ந்தால் எழுத்தும் இழுபட்டு மங்கும். இதற்குச் செய்நிரலில் மருந்து தேட வேண்டியதில்லை. என் படிக்கும் மேசையிலிருந்த விளக்கை எடுத்துத் தாங்கியின் பக்கத்தில் வைத்தேன். இரவிலும் 30 வந்தது.

விளக்கு வைத்ததும் இன்னொன்று தெரிந்தது: திரையில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள் ஊர்ந்தன. எமது நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைவது. அதனால் பல விளக்குகளின் ஒளி செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. எமது கண்ணுக்கு அது தெரியாது; கமராவுக்குத் தெரியும். அமெரிக்கா போன்ற நாடுகளில் மின்சாரம் 60 தடவை அலைவது. எங்கள் கமராவின் அமைப்பும் 60 இல் இருந்தது. அதை 50 ஆக மாற்றியதும் பட்டைகள் மறைந்தன. அதே அமைப்புப் பக்கத்தில், கமரா அடிக்கடி தானாகக் குவியத்தைத் தேடுவதையும் நிறுத்தி வைத்தேன். தாங்கியின் உயரம் மாறாதது; பத்திரிகையின் தூரமும் மாறாதது. ஒரு தடவை தெளிவாக்கினால் போதுமே, ஒவ்வொரு அசைவுக்கும் ஏன் தேட வேண்டும்?

கடைசியாக எஞ்சியது அந்த 150 மில்லிசெக்கன் வேலை. முழுப் படத்தையும் புரட்டி, முழுப் படத்தையும் மூன்று மடங்கு பெருப்பித்து, அதன் பிறகு திரைக்கு வேண்டிய நடுப்பகுதியை வெட்டியெடுத்தது முதல் வடிவம். எங்கள் மடிக்கணினித் திரையின் அளவு 1366க்கு 768. மூன்று மடங்கு பெரிதாக்கும்போது திரையில் தெரியப்போவது கமராப் படத்தில் 455க்கு 256 புள்ளி கொண்ட ஒரு துண்டு மாத்திரமே. முழுப் படத்தின் எட்டில் ஒரு பங்கு. மிச்சம் எட்டில் ஏழு பங்கு வேலை, யாரும் பார்க்காத புள்ளிகளுக்காக நடந்தது. ஆகவே வரிசையைத் தலைகீழாக்கினேன்: முதலில் வெட்டு, பிறகு நிறம் நீக்கு, பிறகு புரட்டு, கடைசியில் பெருப்பி. நிறத்தை முதலிலேயே நீக்குவதால் புள்ளிக்கு 3 பைற்று 1 பைற்றாகிறது. புரட்டும்போது ஒவ்வொரு புள்ளியாகப் போவதும் இல்லை. 255 இலிருந்து முழு அட்டவணையையும் ஒரே கட்டளையில் கழித்தால், அது பைதனின் மெதுவான சுழற்சிக்குள் வராமல் உள்ளே உள்ள வேகமான செய்நிரலால் செய்யப்படுகிறது. பெருப்பிக்கும் முறையிலும் ஆகச் சிறந்ததைக் கைவிட்டு எளியதை எடுத்தேன். எழுத்துக்களில் அந்த வேறுபாட்டை மூத்தம்மாவால் காண முடியவில்லை. நேரத்தில் உள்ள வேறுபாட்டைக் கண்டார்.

இப்போது ஒரு படத்துக்கு 20 மில்லிசெக்கன். மறுபடியும் உம்மாவின் போனை வைத்துப் படம் எடுத்தேன். தாமதம் 0.12 செக்கன். அதற்குக் கீழே இந்தக் கமராவால் போக முடியாது. ஒளியைச் சேர்க்கவும், சுருக்கவும், அனுப்பவும் அதற்கும் நேரம் வேண்டுமே.

மூத்தம்மாவிடம் எண் எதையும் சொல்லவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்தேன், அவ்வளவுதான். பத்திரிகையை நகர்த்தினார். எழுத்து நகர்ந்தது. நிறுத்தினார். நின்றது. ஒரு சொல், அடுத்த சொல், வரியின் முடிவு; மெல்லப் பின்னுக்கு வந்து அடுத்த வரி. கொஞ்ச நேரத்தில் உதடு அசையத் தொடங்கியது. பிறகு உதடும் நின்றுவிட்டது. மனதுக்குள் வாசிக்கிறார் என்று எனக்கு விளங்க அரை நிமிடம் எடுத்தது.

ஒரு கிழமை கழித்து, அலுமாரியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து வரச் சொன்னார். அவரோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த தோழி எழுதியது. எழுதியவர் இப்போது உயிரோடு இல்லை. அந்தக் கடிதம் வந்த நாட்களில் மூத்தம்மாவின் கண் ஏற்கெனவே மங்கிவிட்டது. உம்மா வாசித்துக் காட்டுவதாகச் சொன்னபோது, "பொறகு பாப்பம்" என்று உறையை வாங்கி வைத்துவிட்டாராம். ஒன்றரை வருடமாக அது மடிப்புக் குலையாமல் இருந்தது. கையெழுத்து அச்செழுத்தைப் போலல்ல. மை மங்கலாக இருந்ததால் எழுத்து மறையாதபடி ஒளியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். பிறகு நான் அறையில் நிற்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். கடிதத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அதற்காகத்தான் இந்தச் செய்நிரலே.

இந்த வேலையிலிருந்து எனக்குப் பிடிபட்ட பாடத்தை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு செய்நிரல் மெதுவாக ஓடினால் புதிய கணினி வாங்க வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு ரூபாய்க்கும் எதுவும் வாங்கவில்லை. விளக்குக்கூட என் மேசையில் இருந்ததுதான். செய்யத் தேவையில்லாதவற்றைச் செய்யாமல் விட்டதால்தான் வேகம் வந்தது: யாரும் பார்க்காத புள்ளிகள், யாருக்கும் வேண்டாத நிறம், நேரம் கடந்த படங்கள். எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் செய்து முடிப்பது நல்ல குணம் என்று நாம் படித்து வளர்ந்தவர்கள். பரீட்சைக்கு அது சரி. நேரலைக்கு அது பொருந்தாது. நேரத்துக்கு வராத முழுமையை விட, நேரத்துக்கு வந்த ஒரு படம் பெறுமதியானது.

அத்தோடு, எந்த அளவு முக்கியம் என்பதைக் கணினி சொல்லாது, பாவிப்பவர்தான் சொல்வார். கோப்பிப் பாத்திரத்துக்கு நிமிடத்துக்கு 3 படம் போதும். மூத்தம்மாவுக்கு 30 படமும், அதைவிட முக்கியமாக நின்றால் நிற்கும் எழுத்தும் வேண்டும். அவரது ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் நான் எதை அளப்பது என்றே அறிந்திருக்க மாட்டேன்.

சென்ற தவணையில் எமது கல்லூரியின் உயிரியல் ஆய்வுகூடத்திலும் இதே செய்நிரலை ஓட்டிப் பார்த்தோம். நுணுக்குக்காட்டியின் கண்வில்லைக்கு மேல் வெப் கமராவைப் பொருத்தி, வெங்காயத் தோலின் கலங்களைப் பெரிய திரையில் காட்டினோம். முன்பெல்லாம் ஒவ்வொருவராக வரிசையில் நின்று குனிந்து பார்க்க வேண்டும். திரையில் பார்த்துக்கொண்டே குவியத் திருகைத் திருப்பும்போதும் அதே கதைதான்: படம் பிந்தி வந்தால் கை தாண்டிப் போகும், உடனே வந்தால் கை சரியான இடத்தில் நிற்கும். "பழைய படத்த வீசுற அந்த வேலையா இது?" என்று டீச்சர் கேட்டார். ஆம் என்றேன். உயிரியல் பிரிவுத் தோழிகள் இருவர் இப்போது அதில் கலங்களின் நீளத்தை அளக்கும் பகுதியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். விரும்பியவர்கள் என்னிடம் கேட்டு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். 60 வரிக்கு மேல் இல்லை.

வீட்டில் பத்திரிகை நிற்கவில்லை. மூத்தம்மாவின் கண் 20 நிமிடத்தில் களைத்துவிடும். பிறகு ஓய்வெடுத்து மறுபடி தொடங்குவார். முதல் சில நாள் "படம் நல்லா வருகுது மகள்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். இப்போது அப்படிச் சொல்வதே இல்லை. நேற்றுக் காலை கூப்பிட்டது வேறொரு விடயத்துக்கு: "இஞ்ச பாருங்க, தலைப்பிலேயே ஒற்று விட்டிருக்காங்க. அந்தச் சிவப்புப் பேனைய எடுங்க."